வாடகைக்குப் போதாத சம்பளம், வாசல் தேடி வந்த புலிட்சர்

2015 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்காவின் புலிட்சர் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. உள்ளூர்ச் செய்திப் பிரிவில் வென்றது, கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் நகரில் வெளிவரும் 'டெய்லி பிரீஸ்' எனும் சிறிய நாளிதழ். ராப் குஸ்னியா, ரெபெக்கா கிமிச், ஃபிராங்க் சுராசி ஆகிய மூவருக்கும் பரிசு. ஆனால், அந்த நாளில் குஸ்னியா நிருபராகவே இல்லை. நிருபர் சம்பளத்தில் வாடகை கட்டி மாதத்தை ஓட்டுவது சிரமமாக இருந்ததால், முந்தைய ஆண்டே மக்கள் தொடர்பு வேலைக்கு மாறியிருந்தார்.

நான் ஊடகத் துறையில் இறுதியாண்டு மாணவி. வகுப்பில் விரிவுரையாளர் இதைச் சொன்னபோது, பரிசைவிட அந்த வாடகைதான் என் மனத்தில் நின்றது. "நிருபர் வேலைக்குப் போனா கார் கடனைக் கட்ட முடியுமாம்மா?" என்று எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிறார்கள். படிப்பு முடிய இன்னும் சில மாதங்களே உள்ளன. நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இப்படிப் பரிசு பெற்ற செய்திகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு சம்பளக் கணக்கு

டெய்லி பிரீஸ் எழுதியது பக்கத்து ஊர்ப் பள்ளிகளைப் பற்றி. சென்டினெலா வேலி எனும் பள்ளி மாவட்டத்தில் சுமார் 6,600 மாணவர்கள் படித்தார்கள். பணத் தட்டுப்பாடு உள்ள மாவட்டம் அது. ஆனால், அதன் தலைமைக் கண்காணிப்பாளர் 2013ஆம் ஆண்டில் பெற்ற மொத்தத் தொகை 663,000 டாலருக்கும் அதிகம். அமெரிக்க அதிபரின் ஆண்டுச் சம்பளமே 400,000 டாலர்தான்!

அந்தத் தொகையில் அடிப்படைச் சம்பளம் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளில் இருந்த சலுகைகள். வீடு வாங்க 910,000 டாலர் கடனும் கிடைத்தது. வட்டி 2 விழுக்காடு, திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள்.

கலிஃபோர்னியாவில் அரசு ஊழியரின் சம்பளமும் ஒப்பந்தமும் பொது ஆவணங்கள். கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் யாராவது கேட்க வேண்டும், வாங்கியதைப் படிக்க வேண்டும், உட்பிரிவுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலையைத்தான் இவர்கள் செய்தார்கள். 2014 பிப்ரவரியில் முதல் செய்தி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டார்.

பரிசு என்ன தருகிறது?

ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, பத்திரிகை அதிபராக உயர்ந்தவர் ஜோசப் புலிட்சர். அவரது உயிலின்படி 1917 முதல் கொலம்பியா பல்கலைக்கழகம் இந்தப் பரிசை வழங்கி வருகிறது. 2015இல் ஒரு பிரிவுக்கான பரிசுத் தொகை 10,000 டாலர். மூன்று பேருக்குச் சேர்த்து அவ்வளவுதான். குஸ்னியாவின் வாடகைப் பிரச்சினையை அது தீர்த்திருக்காது.

பரிசு பத்திரிகையையும் காப்பாற்றிவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் புலனாய்வுப் பிரிவில் வென்றவர் மேற்கு வெர்ஜீனியாவின் 'சார்ல்ஸ்டன் கெஸட்-மெயில்' நாளிதழின் எரிக் அயர். ஆறு ஆண்டுகளில் அந்தச் சிறிய மாநிலத்துக்கு 78 கோடி வலி நிவாரண மாத்திரைகள் அனுப்பப்பட்டதை அவர் வெளிக்கொணர்ந்தார். அதே காலத்தில் அவ்வகை மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு அங்கே 1,728 பேர் இறந்திருந்தனர். 392 பேர் மட்டுமே வாழ்ந்த கெர்மிட் எனும் ஊரின் ஒரு மருந்தகத்துக்கு, இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 90 லட்சம் மாத்திரைகள் போயிருந்தன. நீதிமன்றத்தில் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்த ஆவணங்களைத் திறக்கச் சொல்லி அவரது நாளிதழ் வழக்காடியது. பரிசு பெற்ற மறு ஆண்டே, 2018 ஜனவரியில், அந்த நாளிதழ் நொடிப்பு நிலைக்கு விண்ணப்பித்தது.

பிறகு எதற்கு இந்தப் பரிசு? நான் கண்ட பதில் இதுதான். ஓர் ஊரின் பள்ளிச் செலவையும் மருந்தகக் கணக்கையும் வெளியூர்க்காரர் யாரும் வந்து பார்க்கமாட்டார். பார்த்த ஒருவரை, "நீ செய்தது முக்கியமான வேலை" என்று துறை முழுவதும் எழுந்து நின்று சொல்வதுதான் பரிசு. அதைக் கேட்டு, வேறோர் ஊரில் இன்னொரு நிருபர் தம் ஊர்ப் பள்ளியின் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குவார். குஸ்னியாவும் பின்னர் செய்தித் துறைக்கே திரும்பினார். சிஎன்என் தொலைக்காட்சியின் புலனாய்வுப் பிரிவில் சேர்ந்தார்.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் மலேசியப் பத்திரிகைக் கழகமும் பெட்ரோனாசும் இணைந்து இதழியல் விருதுகளை வழங்குகின்றன. அவற்றில் உயரியது, 'உத்துசான் மெலாயு' நாளிதழின் முதல் ஆசிரியர் அப்துல் ரஹிம் காஜாயின் பெயரில் வழங்கப்படும் காஜாய் விருது.

இளையர்கள் செய்து காட்டிய எடுத்துக்காட்டும் உண்டு. 'தி ஸ்டார்' நாளிதழின் ஆர்.ஏஜ் குழுவிலிருந்த இளம் செய்தியாளர்கள், பதின்ம வயதுப் பெண்கள்போல் இணையத்தில் உரையாடி, சிறுவர்களுக்கு வலைவிரிக்கும் ஆடவர்களைக் காணொளியில் பதிவு செய்தனர். அதனால் எழுந்த விவாதத்துக்குப் பிறகு, 2017இல் நாடாளுமன்றம் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தை நிறைவேற்றியது.

சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. நகராண்மைக் கழகம் உங்கள் தாமானின் கால்வாய்க்கு எவ்வளவு செலவிட்டது என்று கேட்க நிருபர் அட்டை வேண்டியதில்லை. எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்த படிப்பை யோசிக்கும் தம்பி தங்கைகளே, இந்தத் துறை உங்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தைப் பற்றிய ஓர் அறிக்கையைப் பதிவிறக்கி, கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள். சலிப்புத் தட்டினால் வேறு துறை தேடலாம். கணக்கு ஏன் உதைக்கிறது என்று மனம் குடைந்தால், நீங்கள் எங்கள் ஆள்.

வீட்டிலும் பேசிவிட்டேன். பட்டம் வாங்கியதும் இரண்டு ஆண்டு நிருபர் வேலை, அதுவரை கார் வாங்குவதில்லை என்று முடிவு. அம்மாவுக்கு அரை மனம்தான். "சரி, முதல்ல நம்ம தாமான் குப்பை விஷயத்த எழுது" என்கிறார். குத்தகை யாரிடம், மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டு நகராண்மைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.