வண்டி தாங்கும் சுமை

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்குக் கோடை விடுமுறையும் பொங்கல் திருநாளும் ஊர் நோக்கிப் புறப்படும் பருவங்கள். அந்நாட்களில் ரெயிலில் இடம் கிடைப்பது அரிது; சாலைகளோ முன்னைவிட அகலமாகிவிட்டன. ஆகவே, சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் ஊர் செல்லும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. மும்பையிலிருந்து பூனா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். தில்லியிலிருந்து என்றால் 2,000 கிலோமீட்டரையும் தாண்டும். இவ்வளவு நெடிய பிரயாணத்திற்கு முன் எண்ணெயும் தண்ணீரும் பார்க்கிறோம், பிரேக்கைச் சோதிக்கிறோம், வழியில் உண்பதற்குப் புளியோதரையும் கட்டிக்கொள்கிறோம். ஆனால், இந்த வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்னும் ஒரு கேள்வியை மட்டும் நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. டிக்கி மூடிக்கொண்டால் போதும், பாரம் சரியாகத்தான் இருக்கிறது என்பது நமது கணக்கு. டிக்கி மூடிக்கொள்வது இடத்தின் கணக்கே ஒழியப் பாரத்தின் கணக்கு அன்று.

மயிலிறகுதானே என்று அளவின்றி அடுக்கிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு ஒடிந்துபோகும் என்பதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார். அரசர்க்குச் சொன்ன அரசியல் உவமை அது. எனினும், மோட்டார் வண்டிக்கும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. ஒவ்வொரு பொருளும் தனித்தனியே இலேசானதுதான். ஒரு கூடை, ஒரு பை, ஒரு மூட்டை. அவற்றின் கூட்டுத் தொகையே அச்சையும் டயரையும் சோதிக்கிறது.

மூன்று எண்கள்

காரைப் பற்றி நாம் அறிய வேண்டிய எண்கள் மூன்று. முதலாவது, வண்டியின் வெறும் எடை. எரிபொருள், எண்ணெய், மாற்றுச் சக்கரம், கருவிகள் ஆகியவற்றுடன், ஆட்களும் சாமான்களும் இல்லாமல் வண்டி நிற்கும்போது உள்ள எடை இது. காருடன் வந்த கையேட்டில் ‘கெர்ப் வெயிட்’ என்று குறித்திருப்பார்கள். இரண்டாவது, மொத்த எடை வரம்பு. ‘கிராஸ் வெஹிகிள் வெயிட்’ என்று கையேடு கூறுவது. வண்டி, ஆட்கள், சாமான்கள் யாவும் சேர்ந்து இந்த எண்ணைத் தாண்டலாகாது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது மூன்றாவது எண். அதுவே நாம் ஏற்றத்தக்க பாரம்.

இங்கே நன்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஏற்றத்தக்க பாரம் என்பது பெட்டி, மூட்டைகளுக்கு மட்டும் உரியது அன்று. ஓட்டுபவர் முதல் மடியிலுள்ள குழந்தை வரை எல்லாருடைய எடையும் அதனுள் அடக்கம். ஐந்து பேர் அமரும் காரில் ஐந்து பேர் அமர்ந்த பிறகு, சாமான்களுக்கு எஞ்சுவது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

மும்பை, தில்லி நகரங்களில் வாழ்வோர் பலர் காஸ் எரிவாயுக் கார்களை வைத்திருக்கிறார்கள். உருளையும் அதன் துணைக்கருவிகளும் சேர்ந்து 80, 90 கிலோ வரை இருக்கக்கூடும். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வண்டியாயின், அதற்கென அமைந்த எண்கள் கையேட்டில் உள்ளன. கார் வாங்கிய பின்னர் வெளியே பொருத்தியிருப்பின், அந்த எடையை ஏற்றத்தக்க பாரத்திலிருந்து நாமே கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது, கண்ணுக்குப் புலப்படாத பிரயாணி ஒருவர் எந்நேரமும் டிக்கியில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எளிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய காரின் வெறும் எடை 900 கிலோ; மொத்த எடை வரம்பு 1,340 கிலோ. ஏற்றத்தக்க பாரம் 440 கிலோ. தந்தை 75 கிலோ, தாய் 65, பாட்டனார் 65, பாட்டியார் 60, கல்லூரியில் படிக்கும் மகன் 60 என ஐவரும் சேர்ந்து 325 கிலோ. எஞ்சுவது 115. இருபது கிலோப் பெட்டிகள் நான்கு வைத்தால் 80 கிலோ போய்விடும். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று 20 கிலோ. இப்போது மீதி 15 கிலோ மட்டுமே. புறப்படும்போது கணக்கு ஒருவாறு சரியாகவே இருக்கிறது.

திரும்பும்போதுதான் சோதனை. நெல் விளைந்த வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு. உரித்த தேங்காய்கள், சுமார் 15 கிலோ. நல்லெண்ணெய், மிளகாய்ப் பொடி, வற்றல், வடாம் எல்லாம் ஒரு 10 கிலோ. ஆக 75 கிலோ கூடுகிறது. இருந்த இடமோ 15. வரம்புக்கு மேல் 60 கிலோ. அதாவது ஆறாவது ஆள் ஒருவரை ஏற்றியதற்கு ஒப்பாகும். உள்ளே இடமில்லையென்று பெட்டிகளைக் கூரைமேல் ஏற்றினால் தீருமா என்றால், தீராது. கூரைமேல் வைத்தாலும் பாரம் பாரமே. மேலும் கேரியரின் எடையும் அதனுடன் சேர்கிறது. சிறிய கார்களின் கூரை தாங்கும் அளவு பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரைதான். அதுவும் கேரியரையும் உள்ளடக்கிய அளவு. கூரைமேல் பாரம் ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளில் சாயும் இயல்பும் பெருகும்.

அளவு மீறினால்

அளவு மீறிய வண்டி புறப்பட்ட உடனே ஒடிந்து விழுவதில்லை. அதனாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. “போன தடவையும் இப்படித்தான் வந்தோம், என்ன ஆயிற்று?” என்று கேட்பவர்கள் உண்டு. வாகனத்தின் உறுப்புகள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பொறுமை தீரும் இடம் எது என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் 165/80 R14 85 T என்பது போன்ற எழுத்துகள் பொறித்திருக்கக் காணலாம். அவற்றுள் 85 என்பது பாரக் குறியீடு. உரிய காற்றழுத்தம் இருந்தால் அந்த டயர் ஒன்று 515 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 82 என்றால் 475 கிலோ. 88 என்றால் 560 கிலோ. காற்றுக் குறைந்தால் இந்தத் திறனும் குறையும். குறைந்த காற்றுடன் மிகுந்த பாரம் ஏற்றிய டயர், சுழலும் ஒவ்வொரு முறையும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. உள்ளே சூடு ஏறுகிறது. நாம் ஊருக்குச் செல்வதோ பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில். தகிக்கும் சாலை வெப்பமும் சேர்ந்துகொண்டால் டயர் வெடிக்கும் நிலை உருவாகிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். இருவர் செல்லும்போது எவ்வளவு காற்று, முழுப் பாரத்திற்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியே குறித்திருப்பார்கள். முழுப் பாரத்திற்குரிய அளவைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே நிரப்ப வேண்டும். வழியில் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு காற்றை இறக்கிவிடலாகாது.

அடுத்தது பிரேக். ஓடும் வண்டியின் ஆற்றலைச் சூடாக மாற்றி வெளியேற்றுவதே பிரேக்கின் வேலை. அந்த ஆற்றல் எடைக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் கூடினால் அதைவிட விரைந்து பெருகுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகிவிடும். சமவெளியில் தெரியாத இந்தக் குறை மலைச்சரிவில் வெளிப்படும். சேலம், மதுரை, நெல்லை செல்வோர் தருமபுரிக்கு அப்பால் தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டும். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. மும்பைக்குத் திரும்புவோர்க்குக் கண்டாலா இறக்கம், மூட்டைகள் ஏறிய பின்னரே வருகிறது. இத்தகைய சரிவுகளில் இடைவிடாது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கீழ்க் கியரில் இறங்கி, எஞ்சினே வண்டியைத் தடுத்து நிறுத்துமாறு செய்வதே முறை. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவது பெரும் ஆபத்து.

முன்பாரம், பின்பாரம்

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். நம் ஊர் மாட்டுவண்டிக்காரர்கள் இக்கலையில் வல்லவர்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் தொண்டையை நெரிக்கும். ஆகவே மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தடி அளவாகப் படியும்படி செய்த பிறகே வண்டியை ஓட்டுவார்கள்.

காரிலும் கனமான பொருள்களைத் தாழ்வாகவும், பின்னிருக்கையின் முதுகை ஒட்டியும் வைத்தல் வேண்டும். அரிசி மூட்டை அடியிலும், துணிப்பை மேலேயும் இருக்கட்டும். டிக்கியின் கடைக்கோடியில் கனம் சேர்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். திருப்புவதில் உறுதி குறையும். முன்விளக்கின் ஒளியும் மேல்நோக்கி எழுந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். இதற்கெனவே பல கார்களில் விளக்கைத் தாழ்த்தும் சிறு குமிழ் ஒன்று ஓட்டுநர் அருகில் இருக்கிறது. வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர் அநேகர். பின்கண்ணாடியின் கீழுள்ள தட்டில் டப்பாவோ தேங்காயோ வைக்க வேண்டாம். திடீரென்று பிரேக் பிடித்தால் அவை பின்னிருக்கையில் உள்ளோர் தலைமேல் பாயும்.

இழுத்துச் செல்லும் வீடு

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் வாழ்கின்றனர். அங்கே விடுமுறைக்குச் செல்வோர், படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த சக்கர வீடு ஒன்றைத் தங்கள் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வதைக் காணலாம். ‘டிராவல் டிரெய்லர்’ என்பது அதன் பெயர். பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் அப்பிரயாணத்தில் கலந்துகொள்ள நேரலாம். ஆதலின் அந்தக் கணக்கையும் அறிந்துவைத்தல் நன்று.

இழுக்கும் வண்டிக்கு வரம்புகள் இரண்டு. எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு எடையைச் சுமக்கலாம் என்பது மற்றொன்று. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது முன்னது. ஆனால் குடும்பத்தினர் மோதிக்கொள்வது பெரும்பாலும் பின்னதில். மாட்டுவண்டியின் நுகத்தடியைப் போலவே சக்கர வீட்டின் முன்முனையும் இழுக்கும் வண்டியின்மேல் அழுந்துகிறது. சக்கர வீட்டின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இந்த அழுத்தம் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள நியதி. அதற்குக் குறைந்து பின்பாரம் மிகுந்தால் சக்கர வீடு வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 3,500 கிலோ இழுக்கும் என்று சொல்லி விற்ற வண்டி. அது சுமக்கத்தக்க பாரம் 600 கிலோ. பின்னால் பூட்டிய சக்கர வீடு 2,500 கிலோ. இழுக்கும் கணக்கில் ஆயிரம் கிலோ மிச்சம் என்று மனம் மகிழ்கிறது. அதன் முன்முனை அழுத்தம் 13 சதவீதம் என்று கொண்டால் 325 கிலோ. உள்ளே அமர்ந்த நால்வரின் எடை 280 கிலோ. இரண்டும் சேர்ந்து 605. ஒரு பெட்டியும் ஏற்றாமலேயே சுமையின் வரம்பு கடந்துவிட்டது! அங்கும் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டிலேயே அந்த எண் இருக்கிறது, பார்ப்பவர்தாம் குறைவு.

நம் நாட்டில் டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். கையேடு அனுமதிக்காத காரில் எதையும் பூட்டி இழுக்க முற்படலாகாது.

எடை மேடையும் ஒரு மூட்டை அரிசியும்

இவ்வளவு கணக்கும் எதற்கு, நேரே நிறுத்துப் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். உண்மையே. நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிகளை நிறுக்கும் எடை மேடைகள் இருக்கின்றன. சிறு கட்டணம் செலுத்தினால் காரையும் நிறுத்துச் சீட்டுத் தருவார்கள். எல்லாரும் அமர்ந்தபடியே, முழுச் சாமான்களுடன் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவி இருப்பின், பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பின்னர் தம் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

எடை மிகுதி என்று தெரிந்த பின் எதை இறக்குவது? இதுவே கடினமான கேள்வி. மகனுக்கென்று தாய் புடைத்துக் கட்டிவைத்த அரிசி மூட்டையை வேண்டாம் என்று சொல்ல எவர்க்கு நா எழும்? அம்மூட்டையின் விலையை அவள் நினைப்பதில்லை. வேற்றூரில் பிள்ளை உண்ணும் சோறு தன் கையால் புடைத்ததாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறாள். அதனை மறுக்க வேண்டியதில்லை. வேறு வழியில் வரவழைக்கலாம். அரிசியையும் எண்ணெயையும் பார்சலில் முன்கூட்டியே அனுப்பிவிடலாம். பெரியவர்கள் இருவர்க்கு ரெயிலில் இடம் கிடைக்குமானால், அவர்களுக்கும் சௌகரியம், வண்டிக்கும் பாரம் குறைவு. தண்ணீரை வழியில் நிரப்பிக்கொள்ளலாம். தேங்காய் மும்பையிலும் கிடைக்கும் என்பதை நாம் மாதுங்கா கடைத்தெருவில் நாள்தோறும் காண்கிறோம்.

அரிசி இரண்டு நாள் தாமதமாக வந்தால் குறையில்லை; அதை அனுப்பிய தாய் எதிர்பார்த்திருப்பது, எல்லாரும் சுகமாக வீடு சேர்ந்தோம் என்னும் தொலைபேசிச் செய்தியையே. அன்பர்கள் அடுத்த பிரயாணத்திற்கு முன் காரின் கையேட்டைத் திறந்து, அந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி டிக்கி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டுகிறோம். மூட்டை ஏற்றுபவரின் கண்ணில் படவேண்டிய இடம் அதுதான்.