“ஃப்ளாஷ் பிளேயர் பழசாயிடுச்சு, அப்டேட் பண்ணுங்க”ன்னு வந்தா நம்பாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இந்த வாரம் வேற ஒரு டாபிக் பேசறதா இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாகிட்ட இருந்து ஒரு போன் வந்துச்சு, டாபிக்கை மாத்திட்டேன்.

சித்தப்பா திருச்சியில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் ரெண்டு கம்ப்யூட்டர்ல ஓடுது. “தம்பி, ஏதோ ஒரு பேஜ்ல ஃப்ளாஷ் பிளேயர் பழசாயிடுச்சு, அப்டேட் பண்ணுங்கன்னு வந்துச்சுப்பா. பண்ணேன். அதுல இருந்து சிஸ்டம் ஒரு மாதிரியா இருக்கு”ன்னார்.

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. “அதை ஏன் சித்தப்பா அமுக்கினீங்க?”ன்னு கொஞ்சம் கோவமாவே கேட்டுட்டேன். அவர் சாதாரணமா சொன்னார்: “நீதானப்பா சொன்ன, ஃப்ளாஷ் அப்டேட்னு வந்தா யோசிக்காம ஓகே குடுங்கன்னு.”

உண்மைதான். 2012ல அந்தக் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கினப்போ செட் பண்ணிக் குடுத்தது நான்தான். அன்னைக்கு அது சரியான அறிவுரை. அது காலாவதியான விஷயத்தை மட்டும் நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை.

ப்ளக்-இன் எங்க போச்சு?

தொண்ணூறுகள்ல ப்ரௌசருக்கு எழுத்தும் படமும் காட்டத்தான் தெரியும். வீடியோ, அனிமேஷன், கேம்ஸ் வேணும்னா வெளியில இருந்து ஒரு ப்ரோகிராமை இன்ஸ்டால் பண்ணி, ப்ரௌசரோட கோத்துவிடணும். அதுதான் ப்ளக்-இன். ஃப்ளாஷ், ஜாவா, சில்வர்லைட் எல்லாம் அந்த வகை. 2005ல யூட்யூப் ஆரம்பிச்சப்போ வீடியோ ஓடினதே ஃப்ளாஷ்லதான்.

சிக்கல் என்னன்னா, ப்ளக்-இன்ல ஒரு ஓட்டை இருந்தா, ஒரு வெப்சைட் அது வழியா நேரா உங்க கம்ப்யூட்டருக்குள்ள கை விடலாம். ஃப்ளாஷ்ல அப்படிப்பட்ட ஓட்டைகள் வந்துகிட்டே இருந்துச்சு. அதனாலதான் அடிக்கடி அப்டேட். அதனாலதான் நானும் “ஓகே குடுங்க”ன்னு சொன்னேன்.

அப்புறம் ப்ரௌசர்களே வீடியோவை நேரடியா ஓட்டக் கத்துகிச்சு. 2015 ஜனவரியில யூட்யூப் ஃப்ளாஷை விட்டு ஹெச்டிஎம்எல்5க்கு மாறிடுச்சு. அதே வருஷம் க்ரோம் பழைய வகை ப்ளக்-இன்களை நிறுத்துச்சு. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோட அடோபி ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்திடுச்சு. 2021 ஜனவரி 12ல இருந்து, பழைய ஃப்ளாஷ் பிளேயர் உங்ககிட்ட இருந்தாலும் அதுவே எதையும் ஓட்ட மறுத்துடும்.

ஆக, இன்னைக்கு ஃப்ளாஷுக்கு அப்டேட்னு ஒண்ணு கிடையாது. ஒரு வெப்சைட் “ப்ளக்-இன் பழசு, இதை டவுன்லோட் பண்ணுங்க”ன்னு கேட்டா, ஒண்ணு அந்த சைட்டே பல வருஷமா கவனிப்பாரில்லாம கிடக்கு, இல்லைன்னா உங்களை ஏமாத்துது. ரெண்டுலயும் நீங்க டவுன்லோட் பண்ண வேண்டியது எதுவும் இல்லை.

நிஜமாவே பழசா இருக்கறது எது?

“சரி, ஆனா ஏதோ ஒண்ணு ஓடலையே”ன்னு கேட்பீங்க. இந்த வரிசையில பாருங்க.

முதல்ல ப்ரௌசர். க்ரோம்ல வலது மூலையில மூணு புள்ளி, அதுல ‘ஹெல்ப்’, அதுல ‘அபவுட் கூகுள் க்ரோம்’. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அது தானா அப்டேட் தேடும். முடிஞ்சதும் ‘ரீலான்ச்’ கேட்கும், குடுத்துடுங்க. ஃபயர்ஃபாக்ஸ்லயும் மூணு கோடு மெனுவுல இதே மாதிரிதான். ப்ரௌசர் அப்டேட்டுக்கு நீங்க போக வேண்டிய இடம் இந்த மெனு மட்டும்தான்.

அடுத்தது விண்டோஸ். சித்தப்பா கடையில ரெண்டாவது கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7. அதுல க்ரோம் 109ஓட நின்னுடுச்சு, அதுக்கு மேல வராது. அந்த மெஷின்ல “உங்க ப்ரௌசர் பழசு”ன்னு ஒரு சைட் சொன்னா, அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா அதுக்கும் தீர்வு அந்த சைட்ல இருக்கற டவுன்லோட் பட்டன் இல்லை, விண்டோஸை மாத்தறதுதான்.

மூணாவது எக்ஸ்டென்ஷன். இதையும் ப்ளக்-இன்னையும் நிறைய பேர் குழப்பிக்கறாங்க. எக்ஸ்டென்ஷன்ங்கறது ஆட் பிளாக்கர் மாதிரி ப்ரௌசர் ஸ்டோர்ல இருந்து நாம சேர்க்கற குட்டிக் கருவி. அது இன்னும் உயிரோட இருக்கு, அதுவும் பழசாகும். க்ரோம் பழைய முறையில எழுதின எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திட்டதால, நிறைய பேருக்கு யூபிளாக் ஆரிஜின் ஒரு நாள் திடீர்னு ஆஃப் ஆகியிருக்கும். அந்த அறிவிப்பு நிஜம். அது வந்த இடத்தைக் கவனிங்க: ப்ரௌசரோட எக்ஸ்டென்ஷன் பக்கத்துல வந்துச்சு, ஏதோ ஒரு வெப்சைட்டுக்குள்ள இல்லை.

ஒரு சைட் சரியா ஓடலைன்னா அதை இன்காக்னிட்டோ விண்டோவுல திறந்து பாருங்க. அங்க எக்ஸ்டென்ஷன்கள் பொதுவா ஆஃப்ல இருக்கும். அங்க ஓடினா, ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் மேல சந்தேகப்படலாம். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க.

சில ஆபீஸ்கள்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்து சைட்டை இன்னும் கட்டி அழுவாங்க. அதுக்கு எட்ஜ் ப்ரௌசர்ல ‘ஐஈ மோட்’ இருக்கு. செட்டிங்ஸ்ல ‘டிஃபால்ட் ப்ரௌசர்’ பகுதியில ஆன் பண்ணலாம். நம்பிக்கையான ஆபீஸ் சைட்டுக்கு மட்டும் வெச்சுக்கங்க. சின்ன வயசுல விளையாடின ஃப்ளாஷ் கேம்ஸ் ஞாபகம் வருதுன்னா, ‘ரஃபிள்’னு ஒரு எமுலேட்டர் இருக்கு. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் அதை வெச்சு பழைய ஃப்ளாஷ் அனிமேஷன், கேம்ஸ் நிறைய ஓட்டுது. எதையும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லை.

அமுக்கிட்டோம்னா?

இப்ப சித்தப்பா கதைக்கு வருவோம். ஹோம் பேஜ் மாறியிருந்துச்சு. மூலையில நிமிஷத்துக்கு ஒருதரம் “உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க”ன்னு நோட்டிஃபிகேஷன். நல்லவேளை, அந்த நம்பருக்கு முன்னாடி எனக்கு அடிச்சார்.

போன்லயே நாங்க பண்ணது இதுதான். முதல்ல நெட் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். செட்டிங்ஸ்ல ‘ஆப்ஸ்’ பட்டியலை தேதி வாரியா அடுக்கி, அன்னைக்கு உள்ள வந்த ரெண்டு ப்ரோகிராமையும் அன்இன்ஸ்டால் பண்ணார். க்ரோம்ல தெரியாத எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருந்துச்சு, தூக்கினோம். ‘சைட் செட்டிங்ஸ்’ உள்ள ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ல அனுமதி வாங்கியிருந்த தெரியாத சைட்களை எல்லாம் எடுத்தோம். பிறகு ‘ரீசெட் செட்டிங்ஸ்’. இதனால புக்மார்க் எதுவும் போகாது. கடைசியா விண்டோஸ் செக்யூரிட்டியில ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் போல ஓடுச்சு.

சிஸ்டம் அமைதியாயிடுச்சு. ஆனா நிஜமான கஷ்டம் அதுக்கப்புறம்தான். அப்டேட் பண்ணதுக்கும் எனக்குப் போன் பண்ணதுக்கும் நடுவுல, அதே கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர் லாகின் பண்ணியிருந்தாங்க. ஒரு பொண்ணு டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன் போட்டிருக்கு. இன்னொருத்தர் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்திருக்கார். அவங்க பாஸ்வேர்ட் வெளிய போச்சா இல்லையான்னு உறுதியா சொல்ல வழியே இல்லை. போயிருக்கும்னு எடுத்துக்கறதுதான் பாதுகாப்பு.

சித்தப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. “இதைச் சொன்னா அப்புறம் யாருப்பா கடைக்கு வருவாங்க?”ன்னார். அப்புறம் அவரே பில் நோட்டைப் பார்த்து ரெண்டு பேருக்கும் போன் போட்டார். “நம்ம சிஸ்டத்துல தப்பு நடந்துபோச்சும்மா, உங்க போன்ல இருந்து பாஸ்வேர்டை மாத்திடுங்க.” பேங்க்காரர்கிட்ட கூடுதலா ஒண்ணு சொன்னார்: பணம் ஏதாவது குறைஞ்சா உடனே 1930க்குக் கூப்பிடணும். அது சைபர் மோசடிக்கான அரசு உதவி எண். நீங்களும் சேவ் பண்ணிக்கங்க.

கவனிச்சீங்களா, பாஸ்வேர்டை வேற கருவியில இருந்துதான் மாத்தணும். மாட்டின கம்ப்யூட்டர்லயே மாத்தினா, புதுசும் அவங்க கைக்குப் போகலாம்.

இதைக் கேட்கற உங்கள்ல பாதிப் பேராவது வீட்டுல யாருக்கோ கம்ப்யூட்டர் செட் பண்ணிக் குடுத்திருப்பீங்க. அப்பாவுக்கு, அத்தைக்கு, ஹவுஸ் ஓனருக்கு. அன்னைக்கு நீங்க சொன்னதை அவங்க இன்னும் அப்படியே கடைப்பிடிக்கறாங்க. இந்த வாரம் ஒரு போன் போட்டு மாத்திச் சொல்லிடுங்க: “பேஜுக்குள்ள அப்டேட்னு வந்தா அமுக்காதீங்க. டேபை மூடிட்டு எனக்குக் கூப்பிடுங்க.”

நான் சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் ஒரு பேப்பர்ல எழுதி, ரெண்டு மானிட்டர்லயும் ஒட்டிட்டார். அடுத்த வாரம் பார்ப்போம்.