யந்திரம் சூடேறாமல் ஓடுதல்: காரணமறியும் விதம்

மோட்டார் வண்டியோ டிராக்டரோ வைத்திருப்போர் யாவரும் அஞ்சுவது யந்திரம் கொதித்துப் போவதையே. ரேடியேட்டரில் ஆவி கிளம்பினால் உடனே வேலையை நிறுத்தி மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஆனால் உஷ்ணங்காட்டும் முள் நாள் முழுவதும் அடிக்கோட்டை விட்டு மேலேறாமல் கிடந்தால், வண்டி குளிர்ச்சியாக ஓடுகிறதென்று மகிழ்பவரே பலர். இம்மகிழ்ச்சி தக்கதன்று. கொதிக்கும் யந்திரம் ஒரு நாழிகையில் செய்துவிடும் கெடுதியைக் குளிர்ந்தோடும் யந்திரம் பல மாதங்களில் சிறிது சிறிதாகச் செய்கிறது. ஆகையால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

எண்ணெய் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பாகத்தைச் சிலிண்டரைச் சூழ்ந்தோடும் ஜலம் ஏற்றுக்கொள்ளுகிறது. இந்த ஜலத்தின் வேலை மிகுதியான சூட்டை அகற்றுவதேயன்றி, யந்திரத்தைக் குளிர வைப்பதன்று. ஜலத்தால் குளிர்விக்கப்படும் மோட்டார் யந்திரங்களிற் பெரும்பாலானவை 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரை சூட்டில் ஓடும்படி அமைக்கப்பட்டவை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி, மசகெண்ணெயின் தடிப்பு ஆகிய யாவும் அந்தச் சூட்டை உத்தேசித்தே கணக்கிடப்பட்டுள்ளன.

சூடு குறைந்தால் நேரும் தீமைகளில் முதன்மையானது ஜலத்தாலேயே வருகிறது. ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் ஆவியாக உண்டாகிறதென்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அது உண்மை. யந்திரம் தக்க சூட்டிலிருந்தால் அவ்வாவி புகைக்குழாய் வழியே போய்விடும். சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருந்தாலோ, அதில் ஒரு பகுதி விடியற்காலைப் பனிபோல் அதன்மேற் படிந்து, மசகெண்ணெயோடு கலந்து அடித்தொட்டியில் இறங்குகிறது. சரிவர எரியாத டீசலும் உடன் இறங்குகிறது. டீசலிலுள்ள கந்தகம் இவ்வீரத்தோடு சேர்ந்து திராவகமாகி உலோகத்தை அரிப்பதும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படக் கூடாதென்று விதியாகிவிட்டமையால் இவ்வரிப்பு முன்போலில்லை. ஜலமும் எரியாத டீசலும் கலப்பது மட்டும் முன்போலவே உள்ளது. அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்க்கையில் ஆயில் குறையாமலிருப்பதோடு முன்னிலும் சற்று ஏறியுமிருந்தால், யந்திரம் ஆயில் குடிக்கவில்லையென்று திருப்தி கொள்ளலாகாது. டீசல் கலந்து நீர்த்த ஆயிலுக்கு அது அடையாளமாதலின், அவ்வாயிலை மாற்றியே ஆகவேண்டும்.

வேறு குறிகளும் உண்டு. எண்ணெய்ச் செலவு காரணமின்றி ஏறும். கூட்டுறவுச் சங்க டிராக்டருக்கு மணிக்கணக்கும் டீசல் கணக்கும் எழுதிவரும் அதிகாரிகளுக்கு இது புத்தகத்திலேயே தெரிந்துவிடும். காலையில் கிளப்பிய பின் வெண்புகை நெடுநேரம் நிற்காது. புகைக்குழாய் வாயில் கருமையான எண்ணெய்ப் பிசுக்குக் கசியும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர்போன்ற வெண்பசை படியும். ஆனால் இந்த வெண்பசையோடு ரேடியேட்டர் ஜலமும் நாளுக்கு நாள் குறைந்துவந்தால், ஹெட் காஸ்கெட் பழுதாகி ஜலம் ஆயிலிற் கலக்கிறதென்று சந்தேகிக்க வேண்டும். அது வேறு வியாதி. புதிய மோட்டார் கார்களில் எச்சரிக்கை விளக்கு எரிவதுண்டு. பட்டறையில் கணினிக் கருவியை மாட்டிப் பார்க்கையில் ‘பி 0128’ என்னும் குறியெண் வருமாயின், ஜலம் உரிய சூட்டை அடையவில்லையென்பது அதன் பொருள்.

இனிக் காரணமறியும் விதத்தைக் கூறுவோம். வீட்டிலிருந்து இரண்டு மைல் சென்று நிறுத்திவிடும் காரோ ஜீப்போ சூடேறாதிருப்பது பழுதன்று. சூடேற அதற்குப் பொழுதேயில்லை. உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு மலையிறங்கும் வண்டியின் முள் சற்றுத் தாழ்வதும் இயல்பே. சமநிலத்தில் சுமையோடு இருபது நிமிஷம் ஓடியும் முள் எழும்பாவிடில் மட்டுமே ஆராயத்தகும்.

முதலில், யந்திரம் நன்கு ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஜல மட்டத்தைப் பார்க்க வேண்டும். சூடாயிருக்கையில் ஒருக்காலும் திறக்கலாகாது. ஜலம் குறைந்துபோனால் உஷ்ணமறியும் சென்சார் ஜலத்தில் மூழ்காமல் வெறும் ஆவியிலோ காற்றிலோ நிற்கும். அப்போது யந்திரம் உண்மையில் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் குளிர்ச்சியையே காட்டும். இதனை முதலிற் பாராது மற்றவற்றை ஆராய்ந்துகொண்டிருந்து யந்திரத்தை இழக்க நேரலாம்.

ஜலம் நிறைந்திருந்தால், முள் சொல்வது மெய்யா பொய்யா என்று அறிய வேண்டும். எட்டப் பிடித்துச் சூடு பார்க்கும் துப்பாக்கி போன்ற உஷ்ணமானி இக்காலத்தில் பட்டறைகளில் உண்டு. அதைப் பளபளப்பான உலோகத்தின் மேற் பிடித்தால் குறைத்துக் காட்டும். ரேடியேட்டரின் மேற்புறக் கருப்பு ரப்பர்க் குழாயின் மேற் பிடிப்பதே சரி. குழாய் 85 டிகிரி சூட்டிலிருக்க முள் மட்டும் அடியிற் கிடக்குமானால், பழுது சென்சாரிலோ கம்பியிலோ மீட்டரிலோ உள்ளது. யந்திரம் செவ்வையாகவே இருக்கிறது.

குழாயும் உண்மையில் குளிர்ந்திருந்தால், மறுநாட் காலை யந்திரம் ஆறிக் கிடக்கையில் கிளப்பி அதே குழாயின் சூட்டைக் கவனித்துவர வேண்டும். சுழலும் விசிறிக்கும் பெல்டுக்கும் அருகே கையோ துணியோ போகாதபடி எச்சரிக்கை அவசியம். யந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்கு ஜலம் செல்லும் வாயில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு உண்டு. அதனுள் அடைத்துள்ள மெழுகு உருகிப் பருக்கும்போது வாய் திறக்கும். ஆறும்போது சுருள்வில் அதை மூடிவிடும். இது நல்ல நிலையிலிருந்தால், யந்திரம் சூடேறிவரும் பல நிமிஷங்கள் வரை மேற்குழாய் குளிர்ந்தேயிருந்து, பின்னர் சடுதியிற் சூடாகும். கிளப்பியது முதலே குழாய் கொஞ்சங் கொஞ்சமாக வெதுவெதுப்படைந்துகொண்டே வந்தால், வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே வால்வே இல்லை. சாலையில் வேகமாய்ச் செல்கையில் முள் தாழ்ந்து, நின்றால் ஏறுவதும் இதற்கே அடையாளம்.

விசிறி ஓயாமற் சுற்றுவதைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. வால்வு மூடியிருக்குமட்டும் ரேடியேட்டருக்கு ஜலம் போவதேயில்லையாதலால், விசிறி எவ்வளவு சுற்றினும் யந்திரத்தைப் பெரிதும் குளிரச் செய்யாது. எனவே வால்வைப் பரீக்ஷித்த பின்னரே விசிறியைக் கவனிக்கலாம்.

வால்வைப் பரீக்ஷிப்பது எளிது. கழற்றியவுடன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க, தட்டுக்கும் விளிம்புக்கும் இடையே சந்து தெரிந்தால் அது கெட்டுவிட்டது. சந்தில்லாவிடில் ஒரு பாத்திரத்து ஜலத்தில் அடியைத் தொடாமல் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, உஷ்ணமானியும் இட்டு மெல்லக் காய்ச்ச வேண்டும். வால்வின்மேல் 82 என்றோ 88 என்றோ எண் பொறித்திருக்கும். ஏறக்குறைய அந்த டிகிரியில் அது திறக்கத் தொடங்கவேண்டும். வெகு முன்பாகவே திறந்தால் உதவாது. புதியது வாங்கும்போது அதே எண்ணும் அதே அமைப்பும் உடையதையே வாங்கி, மெழுகுக் குப்பி யந்திரத்தின் பக்கம் நோக்கும்படி பொருத்துக.

நம் கிராமப்புறப் பட்டறைகளில், யந்திரம் ஒருமுறை கொதித்துவிட்டால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியெறிந்துவிடும் வழக்கம் பரவியுள்ளது. பழைய வண்டி வாங்குவோர் இதனை விசாரித்தறிவது நலம். சில யந்திரங்களில் இவ்வால்வுக்கு இரண்டாவது தட்டொன்று உண்டு. மேல்வாய் திறக்கையில் அது பக்கவழியை அடைக்கும். வால்வை நீக்கினால் பக்கவழி எப்போதும் திறந்தேயிருந்து, சூடான ஜலத்தில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே திரும்பிவிடுகிறது. அத்தகைய டிராக்டர் வெறுமனே சாலையில் ஓடும்போது குளிர்ந்தும், சேற்றுழவில் கொதித்தும் உரியவரை மயக்கும்.

டீசல் பம்பு யந்திரம் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. பம்பு இறைக்கும் கிணற்று ஜலத்தில் ஒரு சிறு கிளையை நேரே சிலிண்டரைச் சுற்றிவிட்டு வாய்க்காலில் விடும் அமைப்பில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் இராது. வெளிவரும் ஜலத்தில் கையைச் சுகமாய் வைத்திருக்க முடியுமானால் யந்திரம் வேண்டியதற்குமேற் குளிர்கிறது. கிளைக் குழாயில் ஒரு கேட் வால்வு அமைத்து, வெளிவரும் ஜலம் 60 முதல் 70 டிகிரிக்குள் இருக்கும்படி திருகி வைக்கலாம். உப்புக் கிணறாயின் 60 டிகிரியோடு நிறுத்துவதே நன்று. சூடு மிகுந்தால் உட்புறத்தில் உப்புப் படிந்து வழியடையும். ஒவ்வொரு முறை திருகியபின்னும் பத்து நிமிஷம் பொறுத்து உஷ்ணமானியால் மறுபடி பார்க்க வேண்டும். கிணற்றின் மட்டம் இறங்கும்போது பம்பின் ஜலமும் குறையுமாதலால், கோடையில் இந்த வால்வைச் சற்றுத் தாராளமாகவே திறந்து வைக்க வேண்டும்.