மூச்சுப்பாதை அயற்பொருளைப் படிமங்களால் அறிதல்

மூச்சுப்பாதை அயற்பொருள் என்பது உணவுத் துணுக்கோ சிறு பொருளோ புரையேறி மூச்சுக்குழாய்க்குள் தங்கிவிடும் நிலையாகும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இது மிகுதி. நன்கு மென்று உண்ணக் கடைவாய்ப் பற்கள் அவர்களுக்கு முழுமையாக முளைத்திருப்பதில்லை.

மார்பு எக்சு-கதிர்ப் படமே முதல் சோதனை. ஊசி, தோட்டுத் திருகாணி போன்ற உலோகப் பொருட்கள் அதில் தெளிவாகத் தெரியும். வேர்க்கடலை, விதை, நெகிழித் துண்டு ஆகியவற்றைக் கதிர்கள் ஊடுருவிவிடுவதால் அவை பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே மறைமுக அடையாளங்கள் தேடப்படுகின்றன.

மூச்சை இழுக்கும்போது கிளைக்குழாய் விரிவதால் காற்று பொருளைக் கடந்து உள்ளே செல்கிறது. விடும்போது குழாய் சுருங்குவதால் அக்காற்று சிக்கிக்கொள்கிறது. ஆகவே மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுத்த படத்தில் அப்பக்க நுரையீரல் சுருங்காமல் கருமையாகத் தோன்றும். இதயம் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கும். சொன்னபடி மூச்சுவிட இயலாத குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படமெடுப்பர். இயல்பாக, கீழ்ப்பக்க நுரையீரல் உடல் எடையால் சுருங்கும். சுருங்காவிட்டால் அங்கு அடைப்பு இருக்கலாம். குழாய் முழுதும் அடைபட்டால் அப்பகுதி காற்றிழந்து வெண்மையாகத் தெரியும்.

சி.டி. ஸ்கேன் இன்னும் நுட்பமாகக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு கூடுதல்.

எக்சு-கதிர்ப் படம் இயல்பாக இருப்பதால் மட்டும் அயற்பொருள் இல்லை எனக் கொள்ளலாகாது. உண்ணும்போதோ விளையாடும்போதோ திடீரெனப் புரையேறியதைப் பெற்றோர் கண்டிருந்தால், அத்தகவல் படத்துக்கு இணையான சான்றாகும். ஐயம் வலுவாக இருந்தால் மூச்சுக்குழாய் உள்நோக்கி வழியே பார்த்து உறுதிசெய்து, அப்போதே பொருளை அகற்றுவர்.