விலை அதேதான், எடை எங்கே?

எண்ணெய் பாக்கெட் இளைக்கிறது, அரிசி மூட்டை ஒரு கிலோ பெருக்கிறது. கொண்டாப்பூர் கடைகளில் நடக்கும் இந்த இரண்டு அதிசயங்களுக்கும் பின்னால் இருப்பது அரசாங்க விதிகள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை. ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கொண்டாப்பூரில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கொள்ளும் நேரம். பருப்பு, சோப்பு வரிசைகளில் கூட்டம் வேகமாக நகர்கிறது. எண்ணெய் வரிசை முன்னால்தான் எல்லோரும் கொஞ்சம் நின்று யோசிக்கிறார்கள். தெலுங்கு, இந்தி, தமிழ், ஒடியா என்று மொழி எதுவானாலும் குழப்பம் ஒன்றுதான். பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே உயரம், எல்லாவற்றிலும் ஒரே சூரியகாந்திப் பூ. விலையில் மட்டும் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் வித்தியாசம். எது மலிவு?

பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவருக்குத்தான் விஷயம் புரியும். ஒன்றில் 910 கிராம். பக்கத்தில் இருப்பதில் 870. இன்னொன்றில் 850. தேடினால் 800, 750கூடக் கிடைக்கும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஆகவே 850 கிராம் பாக்கெட்டை 'ஒரு லிட்டர்' என்று நினைத்து வண்டியில் போடும் குடும்பத் தலைவி வீட்டுக்கு எடுத்துப் போவது லிட்டருக்கு 60 கிராம் குறைவாக. யாரும் அவரை ஏமாற்றவில்லை. 850 கிராம் என்று பாக்கெட்டில் அச்சடித்துத்தான் இருக்கிறது. அவர் படிக்கவில்லை, அவ்வளவே.

படிக்க வேண்டிய அவசியம் முன்பு இருந்ததில்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011ல் வந்தபோது, அதன் இரண்டாவது அட்டவணையில் 19 பொருட்கள் இருந்தன. பிஸ்கட், ரொட்டி, டீ, காபி, உப்பு, பால் பவுடர், உணவு எண்ணெய், சோப்பு, சலவைத் தூள், ஏன் சிமென்ட்கூட. இவற்றை நிர்ணயிக்கப்பட்ட அளவுகளில்தான் அடைக்க வேண்டும். எண்ணெய் என்றால் அரை லிட்டர், ஒரு லிட்டர், 2 லிட்டர், 5 லிட்டர் என்று கணக்கு சுலபமாக இருந்தது. அளவு ஒன்றாக இருந்ததால் விலையை மட்டும் பார்த்தால் போதும். எட்டாம் வகுப்புக் கணிதம் தேவைப்படவில்லை.

2021 நவம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை இந்த அட்டவணையையே நீக்கித் திருத்தம் வெளியிட்டது. 2022லிருந்து கம்பெனிகள் எந்த எடையிலும் அடைக்கலாம். பதிலுக்கு நுகர்வோருக்கு ஒரு புது உரிமை தரப்பட்டது. ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும். அலகு விற்பனை விலை என்று அதற்குப் பெயர். அமலாகும் தேதி சில முறை தள்ளிப்போடப்பட்டு, 2024 ஜனவரியில் கட்டாயமானது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான பண்டமாற்றுதான். கடை அலமாரியில்தான் சிக்கல்.

ஒரு உதாரணக் கணக்கு. 910 கிராம் பாக்கெட் 151 ரூபாய். பக்கத்தில் 850 கிராம் பாக்கெட் 148 ரூபாய். கை தானாக 148ஐ நோக்கித்தான் போகும். சரி, அலகு விலையைப் பார்ப்போம் என்று கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தேடினால் முதல் பாக்கெட்டில் கிராமுக்கு 0.17 ரூபாய். இரண்டாவதிலும் 0.17 ரூபாய்! இரண்டு தசம இடத்தோடு நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பது விதி. உண்மையில் முதலாவது கிலோ 165.93 ரூபாய், இரண்டாவது 174.12 ரூபாய். கிலோவுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் இருக்கும் வித்தியாசத்தை அந்தக் குட்டி எண் விழுங்கி விடுகிறது. ஒரு பைசா ஒரு கிராமுக்கு என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய். அதற்குள் அடங்கும் எதுவும் வாங்குபவர் கண்ணில் படாமலே போகலாம்.

இதோடு விடவில்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராம் கணக்கு, அதற்கு மேல் போனால் கிலோ கணக்கு. 900 கிராம் மாவும் 2 கிலோ மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றில் பைசாவும் மற்றதில் ரூபாயும் அச்சாகியிருக்கும். ஆயிரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டியது வாங்குபவர் பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சடித்த அலகு விலை எம்.ஆர்.பி.க்கு உரியது. சூப்பர் மார்க்கெட் எண்ணெயை எம்.ஆர்.பி.க்கா விற்கிறது? மஞ்சள் அட்டையில் தள்ளுபடி விலை தொங்குகிறது. அந்த விலைக்குக் கிராம் எவ்வளவு என்று பாக்கெட் சொல்லாது. ஐரோப்பிய யூனியனில் 1998லேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். கடைக்காரர் தாம் விற்கும் விலைக்குக் கிலோ அல்லது லிட்டர் கணக்கை அறிவிக்க வேண்டும்.

எண்ணெய்க்கு இன்னொரு மர்மமும் உண்டு. சூடானால் எண்ணெய் விரியும். 21 டிகிரியில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம் என்றால் 60 டிகிரியில் 892.6 கிராம்தான். இந்த இயற்பியலைப் பயன்படுத்தி, 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று சில பாக்கெட்டுகளில் அச்சடித்தார்கள். மே மாதத்து ஹைதராபாத்துக்குக்கூட 60 டிகிரி எட்டாத உயரம். வெப்பநிலை குறிப்பிடாமல் அளவையும் எடையையும் எழுத வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு உத்தரவிட்டு, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியா தன் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் விலை எகிறியது. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. 2025 மே கடைசியில் அது பாதியாகக் குறைந்தது. இந்த ஆட்டத்தில் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்து பாக்கெட்டுக்குத் தாவுவார். எடையைக் குறைத்தால் தாவ மாட்டார். வியாபாரத்தில் இதைவிட எளிய பாடம் கிடையாது.

அந்தப் பாடம் பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளில்தான் நன்றாக ஓடுகிறது. 2022 மே வாக்கில் வெளியான செய்திகளின்படி, ஹல்திராமின் பத்து ரூபாய் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42 ஆனது. பத்து ரூபாய் விம் சோப்பு 155லிருந்து 135 கிராம். புஜியாவில் 13 கிராம் குறைந்தது அற்பம் போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அது 31 சதவீத விலையேற்றம். பத்து ரூபாய்ப் பொருள் ஒரே நாளில் 13 ரூபாய் ஆனால் தெருவே பேசும். இதை யாரும் பேசவில்லை.

சின்ன பாக்கெட் கலாசாரத்துக்குப் பிறப்பிடம் நம் கடலூர் என்பது ஒரு வேடிக்கை. சின்னி கிருஷ்ணன் போட்ட சாஷே விதைதான் பின்னாளில் வெல்வெட், சிக் ஷாம்புகளாக முளைத்தது. பாட்டில் வாங்க முடியாதவருக்கும் ஷாம்பு என்ற அந்த யோசனை ஏழைக்கு உதவியது. ஆனால் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலை நாணயத்தோடு கட்டுண்டு விட்டதால், பிறகு அசைய முடிந்தது எடை ஒன்றுதான்.

கொண்டாப்பூரில் இதன் வலி யாருக்கு என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1998ல் பக்கத்து மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் எழுந்த பிறகு, பாறையும் புதருமாக இருந்த இந்த ஊர் அடுக்குமாடிகளின் காடாகி விட்டது. மென்பொருள் சம்பளக்காரர் ஐந்து லிட்டர் கேன் வாங்குகிறார், அல்லது செல்போனில் தட்டுகிறார். அதே அடுக்குமாடியின் வாசலில் காவல் இருப்பவரும், பாத்திரம் தேய்க்க வருபவரும் பின்சந்து கிராணா கடையில் அன்றாடம் வாங்குவது சின்ன பாக்கெட். எடை கரைவது அதில்தான் அதிகம்.

இனி அரிசிக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். 25 கிலோ என்று காலம் காலமாக வந்து கொண்டிருந்த சோனா மசூரி மூட்டை 26 கிலோவாகி விட்டது. ஆந்திரா, தெலங்கானா மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் இதே 26தான். மில்காரர்களுக்குத் திடீரென்று தாராளம் வந்துவிடவில்லை. 2022 ஜூலை 18லிருந்து 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 25ஐத் தாண்டினால் வரி இல்லை. 1,500 ரூபாய் மூட்டை என்றால் 75 ரூபாய் மிச்சம். ஒரு கிலோவைக் கூட்டி வரியைக் கழித்து விட்டார்கள். கூடுதல் கிலோவுக்கான காசு விலையில் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதிலும் ஒரு முள் உண்டு. பொட்டல விதிகளே 25 கிலோவோடு முடிந்து விடுவதால், அலகு விலை போன்ற விவரங்களை அந்த மூட்டையில் எதிர்பார்க்க முடியாது. இந்த ஓட்டையை அடைக்கலாமா என்று 2024 ஜூலையில் மத்திய அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்டது.

பாக்கெட் பெருக்கும் காலமும் ஒருமுறை வந்தது. 2025 செப்டம்பர் 22ல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமானது. ஐந்து ரூபாய் பாக்கெட்டின் விலையைக் குறைப்பதா, எடையைக் கூட்டுவதா என்று கம்பெனிகள் தலையைப் பிய்த்துக் கொண்டன. பார்லே-ஜி பாக்கெட் 4.45 ரூபாய்க்கு வந்தது செய்தியானது. 25 பைசாவே 2011ல் செல்லாக்காசான நாட்டில் மீதி 55 பைசாவுக்குக் கடைக்காரர் எங்கே போவார்? மிட்டாய்தான் தருவார்.

பிரான்சில் 2024 ஜூலையிலிருந்து, எடை குறைந்து கிலோ விலை ஏறிய பொருளுக்குப் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். 'முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு' என்று. இங்கே எடை குறைப்பது குற்றமல்ல. அச்சடித்த எடைக்குக் குறைந்தால்தான் குற்றம். அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மற்றதற்கு, விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது ஒன்றே வழி. செல்போனில் அரை நிமிடம்.

அல்லது கிராணா கடைக்குப் போகலாம். 'பாவு கிலோ' என்று கேட்டால் கண் முன்னால் தராசில் 250 கிராம் துவரம் பருப்பு ஏறும். காகிதத்தில் மடித்து நூல் சுற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பொட்டலத்தில் எதுவும் அச்சடித்திருக்காது.