வாயில் தொடங்கும் கொப்புள நோய்

பெம்பிகஸ் வல்காரிஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் சொந்தத் தோலையே தாக்குவதால் வரும் கொப்புள நோய். அரிய நோய்தான். ஆனால் நோய் எதிர்ப்பாற்றலின் பிழையால் வரும் கொப்புள நோய்களில் இந்தியத் தோல் மருத்துவர்கள் அதிகம் காண்பது இதைத்தான். மேற்கு ஐரோப்பாவில் முதியவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்பிகாய்டு மிகுதி. இங்கோ நடுத்தர வயதில், வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தில், பெம்பிகஸ் வந்து நிற்கிறது. இது தொற்றுநோய் அல்ல. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ பரவாது.

தோலின் மேற்பகுதியில் உள்ள செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் புரதங்களுள் முக்கியமானது டெஸ்மோக்ளீன். செங்கற்களுக்கு இடையே சாந்து செய்யும் வேலையை அது செய்கிறது. பெம்பிகஸில் இந்தப் புரதத்துக்கு எதிராக ரத்தத்தில் எதிரணுக்கள் (ஆன்டிபாடிகள்) உருவாகின்றன. பிணைப்பு விட்டுப்போகிறது, செல்கள் பிரிகின்றன, இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. டெஸ்மோக்ளீனில் இரண்டு வகைகள் இந்நோயில் முக்கியம். வாயின் உட்தோல் பெரும்பாலும் மூன்றாம் வகையையே நம்பியிருக்கிறது. உடல் தோலில் ஒன்றாம் வகை, மூன்றாம் வகை ஆகிய இரண்டும் உண்டு. எதிரணுக்கள் மூன்றாம் வகையை மட்டும் தாக்கினால், உடல் தோலை ஒன்றாம் வகை காப்பாற்றிவிடும். வாய் மட்டும் புண்ணாகும். இரண்டையும் தாக்கும்போது மார்பு, முதுகு, தலை, அக்குள் என்று பரவும். ஒன்றாம் வகையை மட்டும் தாக்கினால் அது பெம்பிகஸ் ஃபோலியேசியஸ்: வாய் தப்பிவிடும், தோலில் மேலோட்டமான பொருக்குகள் தோன்றும்.

பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாயில்தான் நோய் தொடங்குகிறது என்பதற்குக் காரணம் இதுவே. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. வாயில் எழும் கொப்புளம் நிலைத்து நிற்பதில்லை. உணவு பட்டதும் உடைந்துவிடும். கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் அண்ணத்திலும் ஓரங்கள் ஒழுங்கற்ற, சிவந்த, ஆறாத புண்தான் மிஞ்சும். வாய்ப்புண் என்றால் தமிழ்நாட்டு வீடுகளில் ‘வயிற்றில் புண்’, ‘உடல் சூடு’ என்ற விளக்கம் தயாராக இருக்கிறது. மணத்தக்காளிக் கீரை, மோர், மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை, பிறகு பல் மருத்துவர் என்று மாதங்கள் கழிகின்றன. உடலிலும் கொப்புளம் வந்தால் அம்மையென்று வேப்பிலை வைப்பதும், அக்கியென்று காவி பூசி எழுதுவதும் உண்டு. உண்மையில் தாமதத்துக்குப் பரிசோதனை வசதியின்மையைவிட, இப்படி ஒரு நோய் இருக்கக்கூடும் என்ற நினைப்பே எழாததுதான் பெரிய காரணம். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும்; மூன்று வாரம் தாண்டியும் ஆறாமல் புதிய இடங்களில் கிளம்பும் புண்ணைத் தோல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

நோயறிதலின் முதல் படி விரலாலேயே நடக்கிறது. கொப்புளத்தை ஒட்டிய, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலில் மருத்துவர் கட்டைவிரலை அழுத்தித் தள்ளுவார். மேல்தோல் வழுகி உரிந்து வந்தால் அது நிக்கோல்ஸ்கி அறிகுறி. அடுத்து, புதுக் கொப்புளத்தின் அடித்தளத்தைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றிப் பார்ப்பது. பிணைப்பு விட்டு உருண்டு கிடக்கும் செல்கள் நுண்ணோக்கியில் தெரியும். செலவு குறைந்த, சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது.

நோயை உறுதிசெய்யத் திசு எடுக்க வேண்டும். அதுவும் இரண்டு இடங்களில். ஒன்று கொப்புளத்தின் விளிம்பிலிருந்து. அது ஃபார்மலினில் போகும். மற்றொன்று அருகிலுள்ள உடையாத தோலிலிருந்து. இது ஃபார்மலினில் போகவே கூடாது; போனால் சோதனை வீண். இதற்கென உள்ள தனிக் கரைசலில் அனுப்பப்படும் இத்திசுவை ஒளிரும் சாயத்தோடு பார்க்கும்போது, செல்களைச் சுற்றி மீன்வலை போல எதிரணுக்கள் மின்னும். ரத்தத்தில் டெஸ்மோக்ளீன் எதிரணுக்களின் அளவை எலைசா சோதனை காட்டும். இந்தச் சோதனைகளுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகள் பழையவை. 1953இல் தோல் மருத்துவர் வால்டர் லீவர், பெம்பிகஸையும் பெம்பிகாய்டையும் வெவ்வேறு நோய்களெனப் பிரித்துக் காட்டினார். 1964இல் பியூட்னரும் ஜோர்டனும் நோயாளிகளின் ரத்தத்தில் எதிரணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தனர்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். 1950களில் நிலைமை தலைகீழானது. ஆனால் மாதக்கணக்கில் அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிட வேண்டியிருந்ததால், நோய்க்குத் தப்பியவர்கள் மருந்துக்குப் பலியாகும் நிலையும் வந்தது. இதற்கு ஒரு தீர்வு டெல்லி எய்ம்ஸில் உருவானது. 1980களின் தொடக்கத்தில் ஜே.எஸ். பஸ்ரிச்சா வகுத்த முறையில், மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றப்படும். அவற்றுள் ஒரு நாள், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் சேரும். 28 நாளுக்கு ஒருமுறை இது திரும்ப நடக்கும். இடைப்பட்ட நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை. இந்தியா முழுவதும் மருத்துவக் கல்லூரிகளில் பரவிய முறை இது. சைக்ளோபாஸ்பமைடு கருவுறும் திறனைப் பாதிக்கும் என்பதால், குழந்தை வேண்டுவோருக்கு அசத்தியோபிரின் போன்ற மாற்று மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இப்போது முன்னணியில் இருப்பது ரிட்டுக்சிமாப். எதிரணுக்களை உண்டாக்கும் செல்களின் மூலமான பி செல்களை அது அழிக்கிறது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ரிட்டுக்சிமாபும் குறுகிய கால ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் இது 34 விழுக்காடு. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துத் துறை இதற்கு ஒப்புதல் அளித்தது. ஊசிக்கு முன் காசநோயும் ஹெப்படைட்டிஸ் பியும் மறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றல் குறையும்போது அவை தலைதூக்கும். இன்றும் பெம்பிகஸில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கொப்புளமல்ல, தொற்றுதான்.

நோயோடு வாழ்வது பெரும்பாலும் வாயையும் தோலையும் உரசலிலிருந்து காப்பது. காரம், புளி, சூடு, முறுக்கு போன்ற கடினப் பண்டம் எல்லாம் தள்ளிப்போகின்றன; குழைந்த தயிர்ச்சோறு, ஆறிய கஞ்சி, சாம்பாரில்லாத இட்லி என்று சாப்பாடு சுருங்கும். மென்மையான பிரஷ், தளர்ந்த பருத்தி உடை, நேரடி வெயிலைத் தவிர்த்தல் ஆகியவை உதவும். உடல் முழுக்கத் தோல் உரிந்தவர்களுக்குப் படுக்கை விரிப்பு ஒட்டிக்கொண்டு, எழும்போது தோலையும் சேர்த்துப் பிய்க்கும். அதற்காகச் சுத்தம் செய்த வாழை இலையில் படுக்க வைப்பது இந்திய மருத்துவமனை வார்டுகளில் நெடுநாள் வழக்கம். வழவழப்பான இலை புண்ணில் ஒட்டாது, விலையும் இல்லை. கிராமத்து வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதல்ல. ஸ்டீராய்டு எடுப்பவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு, கண் ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும். புண் ஆறிவிட்டதே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. நோய் திரும்புவது ஒருபுறமிருக்க, வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டுக்குப் பழகிய உடல், தன் சுரப்பைத் திடீரென மீட்டெடுக்க முடியாமல் சரிந்துவிடும்.

ஆறிய இடத்தில் தழும்பு விழாது, கருமை மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். நோய் அடங்கிய பின் கருத்தரிக்கலாம். தாயின் எதிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியே கடந்து சில குழந்தைகள் கொப்புளத்தோடு பிறப்பதுண்டு. குழந்தையின் ரத்தத்திலிருந்து அவை மறைய மறைய, சில வாரங்களில் அதுவும் ஆறிவிடுகிறது.