'ஹெல்ப்' வேண்டாம்... பொறுப்பெடுங்க அப்பாக்களே! - கைக்குழந்தை வீட்டில் வேலைகளைப் பிரித்துக்கொள்வது எப்படி?

"நான்தான் எல்லாத்துலயும் ஹெல்ப் பண்றேனே" என்பார் கணவர். "எல்லாத்தையும் நானே பார்க்க வேண்டியிருக்கு" என்பார் மனைவி. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு குரல்களும் ஒரே நாளில் கேட்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சண்டை முடியாமல் நீள்வதற்குக் காரணமும் அதுதான்.

கணவர் கடைக்குப் போய் டயபர் வாங்கி வருகிறார். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சமைக்கவும் செய்கிறார். ஆனால், டயபர் இன்னும் எத்தனை மீதம் இருக்கிறது, அடுத்த தடுப்பூசி என்றைக்கு, குழந்தை காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தது, நாளைக்கு இட்லி மாவு இருக்கிறதா... இத்தனையும் மனைவியின் தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனைவி சொன்னால் கணவர் செய்வார். சொல்லாவிட்டால் அந்த வேலை அப்படியே கிடக்கும். செய்யும் கைகள் நான்கு இருந்தும், யோசிக்கும் தலை ஒன்றுதான். புதுப் பெற்றோரின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

மக்கள் தங்களின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ம் ஆண்டு நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள், அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அதுவும் வேலை செய்த ஆண்களின் சராசரிதான். கணக்கெடுத்த ஆண்களில் சுமார் 26 சதவிகிதம் பேர்தான் வீட்டு வேலையில் கைவைத்தவர்கள். பெண்களில் 81 சதவிகிதம் பேர்.

குழந்தைகள், முதியவர்கள் என வீட்டில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ள, அதில் ஈடுபடும் பெண்கள் செலவிடுவது 134 நிமிடங்கள். ஆண்கள் 76 நிமிடங்கள். 2024-ல் மீண்டும் கணக்கெடுத்தபோதும் இந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை.

தாய் வீட்டுக் காலம் போடும் முடிச்சு

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் மனைவி தாய் வீட்டுக்குப் போகிறார். குழந்தை பிறந்து 3-வது மாதமோ, 5-வது மாதமோதான் நாள் பார்த்துத் திரும்பி வருகிறார். பெற்ற உடம்புக்கு ஓய்வும் அம்மாவின் கைப்பக்குவமும் தேவை என்பதால் வந்த நல்ல வழக்கம் இது.

ஆனால், அந்த 3 மாதங்களில்தான் ஒருவர் பெற்றோராகப் பழகுகிறார். தலை நிற்காத குழந்தையை எப்படித் தூக்குவது, பசி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் என்ன வித்தியாசம், வயிறு உப்பினால் எப்படித் தெரியும், தூளியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது... மனைவி இதையெல்லாம் தன் அம்மாவின் பக்கத்தில் இருந்து பழகிக்கொள்கிறார். கணவரோ சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஞாயிறு இரவு கிளம்பிவிடும் விருந்தாளி. மாப்பிள்ளை என்பதால் அங்கே அவரை யாரும் வேலை வாங்குவதும் இல்லை.

குழந்தையோடு மனைவி வீடு திரும்பும் நாளில், ஒருவர் 100 நாள் அனுபவசாலி. மற்றவர் முதல் நாள் மாணவர். குழந்தை அழுதால் யார் தூக்குவார்கள்? தெரிந்தவர்தான். அவர் தூக்கத் தூக்க இன்னும் தேர்ந்தவராகிறார். மற்றவர் இன்னும் பின்தங்குகிறார். "எங்கிட்ட வந்தா அழுறான், நீயே வெச்சுக்கோ" என்ற வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது. அங்கே சோம்பல் இல்லாமல் இருக்கலாம், பயிற்சி இல்லை.

அந்தப் பயிற்சியைத் தாய் வீட்டிலேயே தொடங்கலாம். மாமியார் வீட்டுக்குப் போகும் சனி, ஞாயிறுகளில் குழந்தையைக் கொஞ்சுவதோடு நிறுத்தாமல், ஓர் இரவு முழுக்கத் துணி மாற்றும் வேலையை அப்பா ஏற்கலாம். குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தானே தண்ணீர் ஊற்றலாம். மாப்பிள்ளை முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

தாய்ப்பால் அம்மாவிடம்... மற்றதெல்லாம்?

"பால் கொடுக்கிறது அவதானே, நான் என்ன செய்ய முடியும்?" என்பது அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதாவது, 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல். இதை அம்மாதான் செய்ய வேண்டும் என்பதாலேயே மற்ற வேலைகள் அவரிடமிருந்து கைமாற வேண்டும்.

பால் கொடுப்பதைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் இது புரியும். குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது, குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைப்பது, ஈரத்துணியை மாற்றுவது, தூங்கவைப்பது, நனைந்த துணிகளை அலசுவது. இதில் எதற்குமே தாய்ப்பால் தேவையில்லை.

வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பாலாடையில் புகட்ட அப்பாவும் பழகலாம். அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் எடுத்த பால் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. அங்கே 4 நாள்கள் வரை வைக்கலாம். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், பால் இருக்கும் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்து எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். ஏறக்குறைய இரண்டு அம்மாக்களில் ஒருவர், வயிற்றில் தையலோடுதான் வீடு திரும்புகிறார். குனிந்து வீடு பெருக்குவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் அந்த உடம்புக்கு ஆகாத வேலைகள்.

இரவை இரண்டாகப் பிரிக்கலாம்

புதுப் பெற்றோரின் பாதிச் சண்டை தூக்கமின்மையால் வருவது. "காலைல ஆபீஸ் போகணும்" என்று கணவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவதும், மனைவி இரவில் நான்கைந்து முறை எழுவதும் பல வீடுகளில் இயல்பாகிவிட்டது. பகல் முழுக்க வீட்டில் குழந்தையோடு இருப்பவருக்கும் காலையில் வேலை இருக்கிறது.

எளிய வழி, இரவைப் பகுதிகளாகப் பிரிப்பது. இரவு 9 மணியிலிருந்து 1 மணி வரை குழந்தை அப்பாவின் பொறுப்பு. பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குடித்ததும் அப்பாவே வாங்கிக்கொள்வார். அம்மா எழுந்து நடமாட வேண்டியதில்லை; கொடுத்து முடித்ததும் திரும்பிப் படுத்துவிடலாம். 1 மணிக்குப் பிறகு அம்மா பார்த்துக்கொள்வார். அதிகாலை 5 மணிக்கு எழுந்துவிடும் குழந்தை என்றால், மீண்டும் அப்பா. இரண்டு பேருக்குமே ஓரளவு தொடர்ச்சியான தூக்கம் கிடைக்கும்.

யாருடைய முறையாக இருந்தாலும், குழந்தையை மடியில் வைத்தபடி சோபாவில் கண்ணயர்வது ஆபத்து. தூக்கம் தள்ளினால் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, அடுத்தவரை எழுப்பிவிட வேண்டும். எழுப்புவதற்குத் தயங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

வேலையைப் பிரித்தால் போதாது

பட்டியல் போட்டு ஆளுக்குப் பாதி என்று பிரித்தும் சில வீடுகளில் பிரச்னை தீர்வதில்லை. காரணம், செய்வது மட்டும் பிரிந்திருக்கும். நினைவில் வைத்துக்கொள்வது பிரிந்திருக்காது. ஒரு வேலையை எடுத்தால் தொடக்கம் முதல் முடிவு வரை எடுக்க வேண்டும். உதாரணத்துக்குச் சில...

* தடுப்பூசி: பிறந்தவுடன் போடும் ஊசிகளுக்குப் பிறகு 6, 10, 14-வது வாரங்களில் அடுத்தடுத்து வரும். தேதியை நினைவில் வைப்பது, அட்டையைப் பத்திரமாக வைப்பது, அழைத்துப் போவது, அன்றிரவு காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது எல்லாமே ஒருவரின் பொறுப்பு.
* பிறப்புச் சான்றிதழ்: பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். மருத்துவமனையில் எழுதிக்கொடுப்பது முதல் எழுத்துப் பிழை பார்ப்பது வரை அப்பா முழுதாக எடுக்க ஏற்ற வேலை.
* துணி: நனைந்ததை அலசுவது மட்டுமல்ல... காயப்போட்டு, மடித்து, குழந்தையின் அலமாரியில் அடுக்குவதோடுதான் அது முடிகிறது. சட்டை சிறிதாகிவிட்டதா என்று பார்ப்பதும் இதில் சேரும்.
* காலை டிபன்: மாவு ஆட்டுவது அல்லது வாங்குவது, சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்ப்பது, சமைத்த பின் அடுப்பைத் துடைப்பது வரை.

சொல்லாமலே நடக்கிறதா என்பதுதான் இதற்கான பரீட்சை. 'டயபர் வாங்கணுமா?' என்று கேட்பவர் உதவி செய்கிறார். 'டயபர் தீரப்போகுது, வாங்கிட்டேன்' என்பவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

"அப்படி இல்லைங்க... விடுங்க, நானே பண்றேன்!"

இதில் அம்மாக்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் உண்டு. அப்பா டயபரைச் சற்றுக் கோணலாக மாட்டியிருப்பார். மேல் சட்டைக்கும் கீழ் டவுசருக்கும் பொருத்தமே இருக்காது. பார்த்ததும் கை துறுதுறுக்கும். "விடுங்க, நானே பண்றேன்" என்று வாங்கிவிட்டால் அந்த வேலை நிரந்தரமாகத் திரும்பி வந்துவிடும். இரண்டு மூன்று முறை திருத்தப்பட்டவர் நான்காவது முறை முன்வர மாட்டார்.

குழந்தைக்கு ஆபத்து என்றால் உடனே சொல்ல வேண்டும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்காதது, குளிக்கும் தண்ணீர் சூடாக இருப்பது போன்றவை அந்த வகை. மற்றபடி கோணல் டயபர் ஒழுகினால், அதைத் துடைப்பதும் அவரே. அடுத்த முறை நேராக மாட்டுவார். பழகும்வரை அம்மா அறையைவிட்டு வெளியே இருப்பதும் நல்ல யோசனைதான்.

பாட்டிகளிடம் யார் பேசுவது?

"எம் புள்ளை சாணித் துணி அலசுறான்" என்று மாமியார் முகம் சுளிக்கலாம். "மாப்பிள்ளையைப் போய் வேலை வாங்குறியே" என்று சொந்த அம்மாவே மகளைக் கடிந்துகொள்ளலாம். அந்தத் தலைமுறையில் பல அப்பாக்கள் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதே இல்லை. ஆனால், அதே பாட்டிகள் இல்லாமல் பல வீடுகளில் குழந்தை வளர்ப்பே நடக்காது என்பதும் உண்மை.

அவரவர் அம்மாவிடம் அவரவரே பேசுவது பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும். "நான்தாம்மா செய்றேன்னு சொன்னேன்" என்று மகன் சொல்வதும், அதையே மருமகள் சொல்வதும் ஒன்றல்ல. உரை மருந்து கொடுப்பது, கண்ணில் மை தீட்டுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது போன்றவற்றில் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அதை எடுத்துச் சொல்ல வேண்டியதும் அந்தந்த வீட்டுப் பிள்ளையே. பாட்டி உதவிக்கு வந்திருக்கிறார் என்பதற்காக அப்பாவின் பங்கு பாட்டியின் தலையில் விழுந்துவிடவும் கூடாது. அவருக்கும் முட்டி வலிக்கும்.

லீவை எப்போது எடுப்பது?

மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்தே, முதல் இரண்டு குழந்தைகளுக்கு அம்மாவுக்கு 26 வாரங்கள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 பேரோ, அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதியும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதங்கள்.

அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கு, இரண்டு குழந்தைகள் வரை, 15 நாள்கள். தனியார் துறையில் இதைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இல்லை. நிறுவனம் கொடுத்தால் உண்டு.

இருக்கும் லீவைப் பெரும்பாலானோர் பிரசவத்தின்போதே எடுத்துவிடுகிறார்கள். சொந்தபந்தங்கள் சூழ்ந்திருக்கும் நேரம் அது. மத்திய அரசு விதிப்படி குழந்தை பிறந்து 6 மாதங்களுக்குள் இந்த விடுப்பை எடுக்கலாம். தாய் வீட்டிலிருந்து மனைவி திரும்பும் வாரத்துக்கோ, அவர் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கும் வாரத்துக்கோ அதை வைத்துக்கொள்வது அதிகம் பயன்தரும். தனியார் நிறுவனங்களில் என்ன விதி என்று ஹெச்.ஆரிடம் முன்பே கேட்டுவைக்கலாம்.

ஆட்டோ ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், தினக்கூலிக்குப் போகிறவர் ஆகியோருக்கு இந்த லீவெல்லாம் கனவு. ஆனாலும், வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், வந்த பின் ஒரு மணி நேரம் என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு குழந்தையை முழுதாக வாங்கிக்கொள்ள முடியும். அந்த நேரத்தில் மனைவி நிம்மதியாகக் குளிக்கலாம், சூடாகச் சாப்பிடலாம், வெறுமனே படுத்துக்கொள்ளலாம்.

இது சோர்வு மட்டும்தானா?

பிரசவமான சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், எரிச்சல் வருவதும் பல அம்மாக்களுக்கு நடப்பதுதான். இரண்டு வாரங்களில் அது தானாகச் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தையின் மேல் ஒட்டுதலே வராமல் இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தமாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு. அப்பாக்களுக்கும் இந்த மன அழுத்தம் வரலாம்.

'எல்லாரும் பெத்துக்கலையா' என்ற பேச்சால் இது மூடி மறைக்கப்பட்டுவிடுகிறது. அருகிலேயே இருந்து வேலையைப் பங்குபோடும் கணவர்தான் இந்த மாற்றத்தை முதலில் கவனிக்கக்கூடியவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ தலைகாட்டினால், தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

வாரத்துக்கு 10 நிமிடம்

ஒருமுறை போட்ட பங்கீடு எப்போதும் பொருந்தாது. 2 மாதக் குழந்தைக்குத் துணி மாற்றுவது பெரிய வேலை. 6 மாதமானால் கஞ்சி, கூழ் என்று சமையல் சேர்ந்துகொள்ளும். தவழ ஆரம்பித்தால் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாகிவிடும். அதனால், வாரம் ஒருமுறை, குழந்தை தூங்கிய பிறகு 10 நிமிடம் இருவரும் உட்கார்ந்து பேசினால் போதும். இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது, அடுத்த வாரம் அதை யார் எடுத்துக்கொள்வது என்று இரண்டே கேள்விகள். சண்டைக்கு நடுவில் இந்தப் பேச்சைத் தொடங்காமல் இருப்பது முக்கியம்.

அலுவலகம் முடிந்து கதவைத் திறக்கும்போது, அம்மா இடுப்பிலிருந்து அப்பாவிடம் தாவும் குழந்தைகளைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்தத் தாவல் நள்ளிரவில் மாற்றிய ஈரத்துணிகளுக்கும், தோளில் போட்டு நடந்த நடைகளுக்கும் கிடைத்த சம்பளம். அதை இழக்க எந்த அப்பாவுக்குத்தான் மனம் வரும்?